கோடை விருந்திற்குக் கோசுமல்லி

தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம், இராமநவமி முதலாகக் கோடையில் உற்றாரையும் அயலாரையும் அழைத்து நீர்மோரும் பானகமும் வழங்குகிறோம். அவற்றுடன் படைக்கும் கோசுமல்லியை, கன்னடர் கோசம்பரி என்பதை, முட்டைக்கோசிலும் செய்யலாம். ஆனால், பந்திக்கு வருமுன்பே அது துவண்டு நீர் விடுவது ஏன்? உப்பு, கோசின் உயிரணுக்களிலுள்ள நீரை வெளியே ஈர்த்துவிடுவதே காரணம்.

ஆகவே, மேலிலைகளை நீக்கி, ஏனையவற்றை ஒவ்வொன்றாக ஓடும் நீரில் கழுவுவோம். பச்சையாக உண்பதால் இத்தூய்மையில் குறை வைத்தலாகாது. பின்னர் மெல்லியதாக அரிந்து, குளிர்ந்த குடிநீரில் 15 நிமிடம் இட்டால், கோசு நீரேற்று விறைப்படையும், கடித்தால் நறுக்கென்றிருக்கும். நீரை வடித்து, துணியில் ஈரம் ஒற்றி எடுப்போம். அரைமணி நேரம் ஊறிய பயற்றம்பருப்பு, தேங்காய்த் துருவல், பச்சைமிளகாய், கொத்துமல்லி ஆகியவற்றைக் கலந்து, கடுகு தாளித்துக் கொட்டுவோம். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் பரிமாறும் வேளையில்தான் சேர்த்தல் வேண்டும்.

மீந்ததை மறுநாளைக்கு வைத்தல் வேண்டா. கோடை வெப்பத்தில் அது விரைவில் கெடும். அளவாகச் செய்து, அன்றே அனைவரும் பகிர்ந்து உண்போம்.