குளக்கரையில் இரண்டு தத்துவங்கள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாராளவாதம், பழமைவாதம் என்ற இரண்டையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பாடநூலில் இவை எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். நான் இரண்டையும் ஒரு குளக்கரைக்கு அழைத்துப்போகப் போகிறேன். அங்கே வைத்துப் பார்த்தால்தான் இவை நமக்கு எதைத் தரும், எதைத் தராது என்பது விளங்கும்.

முதலில் பழமைவாதம். இதன் மூலவராகக் கருதப்படுபவர் எட்மண்ட் பர்க். அயர்லாந்தில் பிறந்து பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மறு ஆண்டே அதைக் கண்டித்து நூல் எழுதினார். சமூகம் இன்று உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, இறந்தவர்களுக்கும் இனிப் பிறப்பவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் வாதம். தலைமுறை தலைமுறையாக நின்று நிலைத்த அமைப்புகளில் தனிமனித அறிவைவிடப் பெரிய அறிவு சேர்ந்திருக்கிறது. திருத்த வேண்டுமானால் மெல்லத் திருத்து, அடியோடு பிடுங்காதே என்றார்.

பர்க்கை வெறும் எதிரியாகப் பார்க்க வேண்டாம். 1785இல் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியபோது, கம்பெனி ஆட்களும் கடன் கொடுத்தவர்களும் நம் பகுதியைச் சூறையாடியதைக் கடுமையாகச் சாடினார். அந்த உரையில் இங்குள்ள ஏரிகளையும் புகழ்ந்தார். வருங்காலத் தலைமுறைகளை மனதில் வைத்து அந்நாளைய மன்னர்கள் விட்டுச்சென்ற கொடை அவை என்பது அவர் பார்வை. அந்த ஏரிகளை வெட்டிய கைகள் யாருடையவை, அவற்றில் இறங்கக் கூடாதவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் அவருக்கு எழவில்லை. முன்னோர் சொத்து என்று பேசும் பழமைவாதம், யாருக்கு நிலமும் நீரும் வழிவழியாக வந்தன, யாருக்குத் தீண்டாமை வழிவழியாக வந்தது என்று பிரித்துக் கேட்பதில்லை.

அடுத்து தாராளவாதம். 1689இல் வெளியான ஜான் லாக்கின் நூல், மனிதர்கள் பிறப்பால் சமமானவர்கள் என்றது. உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவை அரசு தரும் சலுகைகள் அல்ல. அவற்றைக் காக்கத்தான் அரசு. காக்கத் தவறும் அரசை மக்கள் மாற்றலாம். மன்னராட்சிக் காலத்தில் இது வெடிகுண்டு. ஆனால் இதே லாக், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார்.

பிறகு ஜான் ஸ்டூவர்ட் மில். 1859இல் சுதந்திரம் குறித்து எழுதினார். 1869இல் பெண்ணடிமைத்தனத்தை எதிர்த்து எழுதினார். அரசு மட்டுமல்ல, சமூகமே கொடுங்கோலன் ஆகலாம் என்று அவர் சொன்னது நமக்கு மிக முக்கியமானது. ஊர்க்கட்டுப்பாடு பார்த்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் மில் 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்தங்கிய சமூகங்களுக்குத் தன் சுதந்திரக் கோட்பாடு பொருந்தாது என்று அதே நூலில் விலக்கும் அளித்தவர்.

இப்போது குளத்துக்கு வருவோம். மகாராட்டிரத்தின் மகத் நகரில் உள்ள சவுதார் குளம்.

1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம், பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட்டது. மறு ஆண்டு மகத் நகராட்சியும் அதை ஏற்றது. தாராளவாதம் கேட்பது இதைத்தான்: சட்டத்தின் முன் சமம். காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் கரையில் ஆதிக்கச் சாதியினர் இருந்தார்கள். ஒரு குடம் தண்ணீர்கூட எடுக்க முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்த நீரைக் குடித்தார். வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். சாணமும் கோமியமும் கலந்து ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'. டிசம்பரில் மீண்டும் போராட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? ஒன்று, இது தனியார் சொத்து. இரண்டு, இது தொன்றுதொட்டு வரும் வழக்கம்.

முதல் வாதம் தாராளவாதத்தின் அலமாரியில் இருந்து வந்தது. இரண்டாவது பழமைவாதத்தின் அலமாரியில் இருந்து வந்தது. புத்தகத்தில் சண்டை போடும் இரண்டும் குளத்தைப் பூட்டும்போது கைகோத்துக்கொண்டன.

1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் அந்த வழக்கு முடிந்தது. வழக்கம் தொன்றுதொட்டது என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால் நம் பக்கம் வென்றது. நிரூபித்திருந்தால்? இந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.

அப்படியானால் இந்த நூல்களை எல்லாம் தூக்கிப்போட்டுவிடலாமா? அம்பேத்கர் அப்படிச் செய்யவில்லை. டிசம்பர் மாநாட்டில், பர்க் வெறுத்த அதே 1789 பிரெஞ்சு தேசிய சபையோடு மகத் மாநாட்டை ஒப்பிட்டார். 'சாதி ஒழிப்பு' நூலில் பர்க்கையே மேற்கோள் காட்டினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், தனிமனித வழிபாட்டுக்கு எதிராக மில்லின் எச்சரிக்கையை நினைவூட்டினார். எல்லோரையும் படித்தார், யாரிடமும் சரணடையவில்லை. சுதந்திரத்தைச் சமத்துவத்திடமிருந்தும், இவ்விரண்டையும் சகோதரத்துவத்திடமிருந்தும் பிரிக்க முடியாது என்றார்.

அதன் விளைவை அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் பார்க்கலாம். பழைய தாராளவாதம் அரசின் கையை மட்டும்தான் கட்டும். இந்தப் பிரிவு குடிமக்கள் கையையும் கட்டுகிறது. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. அடிப்படை உரிமைகளில் குளம் என்ற சொல் ஏன் வந்தது என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. நகரத்தில் வீடு தேடிப் போகிறீர்கள். சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்கிறார்கள். "என் வீடு, யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்" என்கிறார் ஒருவர். "எங்களுக்கு ஒன்றுமில்லை, இந்தத் தெரு வழக்கம் அப்படி" என்கிறார் இன்னொருவர். முன்னவர் தன்னைத் தாராளவாதி என்றும், பின்னவர் பண்பாட்டுக் காவலர் என்றும் நினைத்துக்கொள்ளலாம். மகத் வழக்கின் அதே இரண்டு வாதங்கள்தான் இவை. நமக்கு இரண்டு இடத்திலும் கதவு சாத்தப்படுகிறது.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. சட்டம் வந்து 70 ஆண்டுகளுக்குப் பிறகும் சண்டை தண்ணீரில்தான் நிற்கிறது.

ஆகவே லாக்கையும் மில்லையும் பர்க்கையும் படியுங்கள். படிக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: இவர் சொல்லும் சுதந்திரத்தில், இவர் காக்கச் சொல்லும் மரபில், அந்தக் குளத்துத் தண்ணீரை யார் குடிக்கலாம்?

ஜெய்பீம்.