பாடும் மீனும் மீன்பாடும்



பல வருசத்துக்கு முந்தி ஒரு விடியற்காலை, மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் மீன் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர், தோணியை விட்டு இறங்கி வந்த மனிதரிடம், "இண்டைக்குப் பாடு எப்படிக் காக்கா?" என்று கேட்டார். அவர் கூடையைச் சரித்துக் காட்டினார். அடியில் நாலைந்து மணலை, ஒரு கை இறால். "பாடா? விடிய விடியப் பாடுதான் பட்டன். மீன் பாடுதெண்டு ஊரெல்லாம் சொல்லுறாங்க, என்ட கூடைக்குள்ள வந்து ஒண்டும் பாடக் காணல்ல" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இறாலுக்கு விலை சொன்னார்.

மூன்று பாடு. கிடைத்த மீன் ஒரு பாடு. பட்ட கஷ்டம் ஒரு பாடு. மூன்றாவது, நமது வாவியின் புகழ்பெற்ற பாட்டு. முதல் இரண்டும் 'படு' என்ற வினையின் பிள்ளைகள்: வலையில் படுவதும் பாடு, உடம்பில் படுவதும் பாடு. பாட்டுக்குரிய 'பாடு' வேறு குடும்பம். ஆனால் காதில் விழும்போது யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. கரைவலைக்காரரைக் கேட்டால் இன்னும் ஒன்று சொல்வார்கள். வலை வளைக்கிற கடற்கரைத் துண்டுக்கும் அவர்களிடம் 'பாடு' என்றுதான் பெயர்.

நமது மாவட்டத்தை 'மீன்பாடும் தேன்நாடு' என்கிறோம். அதை நடுவில் இடம்விட்டு எழுதினால் மீன் பாடுகிறது. சேர்த்து எழுதினால் மீன்பாடும் உண்டு, அதாவது மீன் நிறையக் கிடைக்கும் நாடு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இப்படிப்பட்டதைப் பிரிமொழிச் சிலேடை என்கிறது. வெட்டுகிற இடத்தை மாற்றினால் பொருள் மாறுவது. வெட்டாமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. கல்லடி என்ற ஊர்ப்பெயர் அந்த வகை. கல்லின் அடியா, கல்லால் பட்ட அடியா? 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்று பழமொழி சொன்னால், தினமும் பாலம் கடந்து போகிற எங்களுக்கு அது வேறு விதமாகத்தான் கேட்கும்.

இங்கிலீஷ்காரரின் சொல் விளையாட்டு வேறு மாதிரி. அவர்களுக்கு எழுத்தைக் குலுக்கிப்போட வேண்டும். நில் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஸ்டொப்' என்ற நாலெழுத்தைக் குலுக்கினால் தபால் வருகிறது, பானைகள் வருகின்றன, புள்ளி வருகிறது, சுழல்கிற பம்பரங்கள் வருகின்றன. கெட்டித்தனம்தான். ஆனால் அது கண்ணுக்கான வித்தை. 'லிசன்' என்றால் கேள், 'சைலன்ட்' என்றால் மௌனம். இரண்டுக்கும் அதே ஆறெழுத்து. அந்த ஆறில் 'டீ' என்று ஓர் எழுத்து உண்டு. கேள் என்கிற சொல்லில் அது வாயே திறப்பதில்லை. மௌனம் என்கிற சொல்லுக்குள் போய்த்தான் சத்தம் போடுகிறது. இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிப்பாருங்கள், வித்தை அவிழ்ந்துவிடும். நமது எழுத்தில் மெய்யும் உயிரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'டொ' என்பதைக் குலுக்கினால் 'டொ'தான்.

அதற்காக நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு முழுப் பதிகத்தை மாலைமாற்றாகப் பாடிவைத்தார். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் அதே அடி. நாகபந்தம், சுழிகுளம், கோமூத்திரி என்று சித்திரகவியில் இன்னும் எத்தனையோ. என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: பாம்புப் படத்துக்குள் அடைத்த பாட்டு எனக்கு ஒருபோதும் இனித்ததில்லை. கட்டம் போட்டுக் காட்டினால்தான் விளங்குகிற கவியை வானொலியில் எப்படிச் சொல்வது? காளமேகப் புலவர் பரவாயில்லை. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டினார், அது காதாலேயே பிடிபடும். ஆனாலும் பாம்புக்கும் எள்ளுக்கும் வாழ்க்கையில் ஒரு சம்பந்தமும் இல்லை. சிரித்து முடிந்ததும் பாம்பு ஒரு பக்கம் போய்விடும், எள்ளு ஒரு பக்கம் போய்விடும். பாலத்தடி மனிதர் கட்டிய மூன்று பாடும் அப்படிப் பிரியாது. பாடு குறைந்தால் பாடு கூடும்.

மாலைமாற்று நம் வாயில் தினமும் புழங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் 'திகதி' என்கிறோம். திருப்பினாலும் திகதி. அக்கரையில் 'தேதி' என்கிறார்கள், அதைத் திருப்பினால் ஒன்றும் தேறாது. 'காக்கா' இன்னொன்று. தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒருவரை ஒருமுறை காத்தான்குடிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் கடைக்காரரைக் 'காக்கா, காக்கா' என்று கூப்பிட, அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். இங்கே காக்கா என்றால் அண்ணன் என்று சொன்னேன். இதைவிடச் சிக்கல் 'தாத்தா'. அவருக்கு அது பாட்டன். இலங்கை முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அது மூத்த சகோதரி, ராத்தா என்றும் சொல்வார்கள். சிங்களவருக்கு அது தகப்பன். ஒரே பஸ்ஸில் மூன்று பேர் 'தாத்தா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது யார் யாரென்று யோசியுங்கள். பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, "ஏறாவூர் ஏறு, ஏறாவூர் ஏறு" என்று நடத்துனர் கூப்பிடுவதை அந்தத் தமிழ்நாட்டுக்காரர் பெரிதாக ரசித்தார். ஏறாத ஊருக்கு ஏறச் சொல்கிறானே என்று. நாங்கள் பிறந்தது முதல் கேட்கிறோம், எங்களில் ஒருவருக்கும் அது தட்டுப்படவில்லை.

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புப் பேச்சு என்று எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சிலேதான் என் அம்மம்மா எங்களுக்கு நொடி போடுவா. விடுகதைக்கு நொடி என்பதுதான் எங்கள் சொல். கண் இமைக்கும் நேரமும் நொடி. வியாபாரம் படுத்தால் மனிதர் நொடிந்துபோவார். அம்மம்மாவின் நொடிக்கு எத்தனையோ நொடி யோசித்தும் விடை வராமல் நாங்கள் நொடிந்துபோய்க் கிடப்போம். "மறுகா சொல்லுறன்" என்று பாக்கை இடிக்கத் தொடங்குவா. அந்த 'மறுகா' வர இரண்டு நாளும் ஆகும். புத்தகத்தில் விடுகதையைப் படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பி விடையைப் பார்த்துவிடலாம். அம்மம்மாவைத் திருப்ப முடியாது.

அம்மம்மாவின் நொடியைப்போல விடை வராமல் நிற்பது நமது வாவியின் பாடும் மீனும். அதைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. நிலாக் காலத்தில், காற்று விழுந்தபின், தோணியில் போய்ச் சவளின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைக்க வேண்டும். 1950களில் இங்கிருந்த யேசுசபைத் துறவியர் அந்த ஒலியைப் பதிவும் செய்தார்கள். மீனா, சிப்பியா, பாறையிடுக்கில் ஓடும் நீரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

மீண்டும் நொடிக்கு வருவோம். தண்டியலங்காரத்தில் அக்கரச்சுதகம் என்றொரு வகை உண்டு, ஒரு சொல்லில் இருந்து எழுத்தைக் குறைக்கக் குறைக்க வேறு சொல் வருவது. அம்மம்மா பாணியில் நானும் ஒன்று கட்டிப்பார்த்தேன். முழுதாகச் சொன்னால் மட்டக்களப்புக்கு வடக்கே கடலோரத்தில் ஓர் ஊர். தலையைக் கிள்ளினால் தோணி போய்ச் சேரும் இடம். கிள்ளிய தலை உங்களைக் கூப்பிடும். மிஞ்சியதைச் சீனியைப் பார்த்துச் சொன்னால் அது தேத்தண்ணிக்குள் காணாமல் போகும்.

விடை மறுகா. அந்த ஊர் நேயர்கள் மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கவும்.