காலை இழுப்பதும் காலை வாருவதும்

ஆங்கில மரபுத்தொடர்களை மனனம் செய்தால் போதுமா? போதாது. சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கும் பழக்கம் மாறாதவரை, மனனம் செய்த தொடர் தவறான இடத்தில்தான் போய் விழும்.

நெகிரி செம்பிலானில் உள்ள ரந்தாவ், லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கும் வட்டாரம். அங்குள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களிடம் ஒருவர் வாளியை உதைத்துவிட்டார் என்றால், பால் கொட்டிப் போனது, உழைப்பு வீணானது என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் ‘கிக் த பக்கெட்’ என்றால் ஆளே போய்விட்டார் என்று பொருள். அதுவும் கேலிப் பேச்சு. ‘மண்டையைப் போட்டார்’ என்று சாவு வீட்டில் யாராவது துக்கம் விசாரிப்பார்களா? அதுபோலத்தான் இதுவும். பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. இடமும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. ‘புல்லிங் யுவர் லெக்’ என்றால் விளையாட்டாகச் சீண்டுவது. தமிழில் ‘காலை வாரிவிட்டான்’ என்றால் நம்ப வைத்துக் கெடுத்தான் என்று பொருள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞரிடம் மேலதிகாரி சிரித்துக்கொண்டே இப்படிச் சொன்னால், அவர் அதைத் துரோகமாக எடுத்துக்கொண்டு மனம் புழுங்கலாம்.

தமிழ்ப்பள்ளி மாணவர் மூன்று மொழிகளிலும் மரபுத்தொடர்களைச் சந்திக்கிறார். மலாயில் ‘பெசார் கெப்பாலா’ என்றால் சொல்பேச்சுக் கேளாத பிடிவாதம். ஆங்கிலத்தில் ‘பிக் ஹெட்’ என்றால் தற்பெருமை. இரண்டும் ‘பெரிய தலை’தான், பொருள்தான் வேறு. தமிழின் ‘தலைக்கனம்’ ஆங்கிலத்துக்கு நெருக்கமானது.

ஆகவே, சொல்லை விட்டுவிட்டுக் கருத்தைக் கருத்தோடு இணைக்க வேண்டும். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதில் நீல நிலாவைத் தேட வேண்டாம். ‘அத்தி பூத்தாற்போல’ என்றால் முடிந்தது. ‘டைட்டன் த பெல்ட்’ என்றால் செலவைச் சுருக்குவது. தமிழில் ‘வயிற்றைக் கட்டுவது’. நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டு, ஆங்கிலத் தொடர், அதன் கருத்து, ஈடான தமிழ்த் தொடர் என்று எழுதிவரலாம். யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

பிள்ளைக்கு உதவ ஆங்கிலம் தெரியவில்லையே என்று பெற்றோர் ஒதுங்க வேண்டியதில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாயிடம், அந்த ஆங்கிலத் தொடரின் கருத்தை மட்டும் பிள்ளை சொல்லட்டும். அதற்கு ஈடான தமிழ்த் தொடரை அவரே எடுத்துக் கொடுப்பார்.