‘வந்திருப்பேன்’ என்பதற்குப் பிரெஞ்சில் என்ன?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிரெஞ்சு வாத்தியாரைப் பேசக் கூப்பிட்டால் வினைச்சொல்லைத்தான் பேசுவார். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது. பழைய மாணவர்கள் கூடுகிற இடத்தில் அதிகம் காதில் விழும் வாக்கியங்கள் என்ன? “அன்னைக்கே அந்த வேலையில சேர்ந்திருந்தா இந்நேரம் ரிட்டயர் ஆகியிருப்பேன்.” “நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கல்யாணத்துக்கு வந்திருப்பேனே!” நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்கவில்லை. இதைச் சொல்லப் பிரெஞ்சில் தனியாக ஒரு வினைவடிவம் இருக்கிறது. ‘கோந்திஸியோனெல் பாஸே’ என்று பெயர். தமிழில் ‘இறந்தகால நிபந்தனை வினை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் பயப்படும் பாடங்களில் இது ஒன்று. அதிலும் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, “இங்கிலீஷே சரியா வரல, இது எங்கே சார் வரப்போகுது?” என்று பின் பெஞ்சுக்குப் போய்விடும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே நல்ல ஏணி. அந்த ஏணி எதுவரை எட்டும், எங்கே எட்டாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கம் கால்வாயின் கடைமடையில் இருக்கிற ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். “தண்ணி வந்திருந்தா நட்டிருப்போம்” என்கிறார். அவர் எந்த இலக்கணமும் படித்தவரில்லை. அதையே பிரெஞ்சில் சொல்கிறேன்: ‘ஸி லோ எத்தே வெனு, நூஸோரியோன் பிளான்தே.’

பிரித்துப் பார்ப்போம். ‘ஸி’ என்றால் ‘ஆல்’. ‘லோ’ தண்ணீர். ‘வெனு’ என்பது ‘வந்து’. ‘எத்தே’ என்பது ‘இரு’ என்ற துணைவினையின் இறந்தகால வடிவம். ஆக, ‘வந்திருந்தால்’. அடுத்து ‘பிளான்தே’, அதாவது ‘நட்டு’. ‘நூஸோரியோன்’ என்பது ‘நாம் இருப்போம்’ என்ற இடத்தில் நிற்கிறது. ஆக, ‘நட்டிருப்போம்’. நாம் வினையெச்சத்தை முன்னே வைத்துத் துணைவினையைப் பின்னே வைக்கிறோம். அவர்கள் துணைவினையை முன்னே வைக்கிறார்கள். சரக்கு ஒன்றுதான், அடுக்கும் வரிசைதான் வேறு.

துணைவினையை எப்படிச் செய்வது? எதிர்காலத்துக்கு உரிய அடியை எடுத்து, அதன் வாலில் இறந்தகால விகுதியை ஒட்ட வேண்டும். ‘அவுவார்’ என்ற வினைக்கு எதிர்கால அடி ‘ஓர்’. விகுதி சேர்ந்தால் ஜோரே, த்யு ஓரே, இல் ஓரே, நூஸோரியோன், வூஸோரியே, இல்ஸோரே. ‘எத்ர்’ என்ற வினைக்கு அடி ‘ஸெர்’. ஜ ஸெரே, த்யு ஸெரே, இல் ஸெரே, நூ ஸெரியோன், வூ ஸெரியே, இல் ஸெரே. எழுத்தில் வேறுபாடு இருந்தாலும், ஆறில் நான்கு காதுக்கு ஒரே மாதிரிதான். இதற்கா இத்தனை பயம்?

இனி, ஆங்கிலம் எங்கே தடுக்கிவிடுகிறது என்று பாருங்கள். ‘இஃப் ஐ உட் ஹேவ் நோன்’ என்று நம்மூரில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தோடு பிரெஞ்சுக்கு வந்தால் ‘ஸி ஜோரே ஸ்யு’ என்று எழுதுவார்கள். தப்பு. ‘ஸி ஜவே ஸ்யு’ என்பதுதான் சரி. ‘ஸி’க்கு ‘ரே’ ஆகாது என்று பிரான்ஸ் நாட்டு ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 1962-இல் இவ் ரொபேர் எடுத்த ‘லா கேர் தெ பூத்தோன்’ என்ற படத்தில் ஒரு பொடியன் இதே தப்போடு, துணைவினையையும் மாற்றிப் போட்டுப் பேசுவான். அந்த வசனத்தை அங்கே தெரியாதவர்கள் குறைவு. ஆனால் தமிழ்ப் பிள்ளை “தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்” என்று ஐந்து வயதிலேயே சரியாகச் சொல்கிறது. ‘இருந்தா’ இருக்கிற பக்கம் ‘இருப்பேன்’ வராது. பிரெஞ்சின் விதியும் அதுவே: ‘ஸி ஜவே ஸ்யு, ஜ ஸெரே வெனு.’

நடக்காததைச் சொல்வது மட்டும் இதன் வேலை இல்லை. மனத்தாங்கலுக்கும் இது உண்டு. ‘த்யு ஓரே ப்யு தெலெஃபோனே’ என்றால் “ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல!” ‘த்யு ஓரே த்யு ம ல தீர்’ என்றால் “நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும்.” மரியாதைக்கும் உண்டு. அலுவலகத்தில் போய் ‘ஜோரே வூல்யு அன் ரான்ஸேஞ்ஞுமான்’ என்றால் “ஒரு தகவல் கேட்கலாம்னு வந்தேன்” என்று பொருள். நாமும் பணிவுக்காக இறந்தகாலத்துக்குத்தானே போகிறோம்?

இன்னொன்று பத்திரிகைப் பிரயோகம். ‘ல மினிஸ்த்ர் ஓரே தெமிஸியோனே’ என்று பிரெஞ்சு நாளிதழில் வந்தால், அமைச்சர் ராஜினாமா செய்திருப்பார் என்று பொருளில்லை. “ராஜினாமா செஞ்சாராம்” என்று பொருள். செய்தி இன்னும் உறுதியாகவில்லை, சொன்னது வேறு ஆள் என்பதை அந்த வினைவடிவமே சொல்லிவிடுகிறது. ‘உட் ஹேவ்’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால் அர்த்தம் கெட்டுப்போகும். நம்முடைய ‘ஆம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, தமிழ் ஏணி எட்டாத இடங்களைச் சொல்கிறேன். மூன்று இடம்.

முதலாவது, நமக்குத் துணைவினை ‘இரு’ ஒன்றுதான், அவர்களுக்கு இரண்டு. பெரும்பாலான வினைகளுக்கு ‘அவுவார்’. போதல், வருதல், புறப்படுதல், பிறத்தல், இறத்தல், விழுதல், தங்குதல் போன்ற சில வினைகளுக்கும், தன்னைத்தானே செய்துகொள்ளும் வினைகளுக்கும் ‘எத்ர்’. இந்தப் பட்டியலை மனப்பாடம்தான் செய்யணும், வேறு வழியில்லை.

இரண்டாவது, ‘எத்ர்’ வந்தால் எச்சம் ஆண், பெண், ஒருமை, பன்மைக்குத் தக்கபடி மாறும். நாம் ‘வந்திருப்பான்’, ‘வந்திருப்பாள்’ என்று கடைசியில் காட்டுவதை அவர்கள் எச்சத்தில் காட்டுகிறார்கள். பல வினைகளில் இது எழுத்தில் மட்டும் தெரியும், சிலவற்றில் காதிலும் கேட்கும். அவன் இறந்திருப்பான் என்பதற்கு ‘இல் ஸெரே மோர்’, அவள் என்றால் ‘எல் ஸெரே மோர்த்’. இந்த ‘மோர்’ நம்ம வீட்டு மோர் இல்லை!

மூன்றாவதுதான் சூட்சுமமானது. “பெரியார் நிலையத்து பஸ் இந்நேரம் போயிருக்கும்” என்கிறோம். இது ஊகம். “நேரத்துக்கு எடுத்திருந்தா போயிருக்கும்” என்றால் இது நடக்காதது. தமிழில் இரண்டுக்கும் ‘போயிருக்கும்’ ஒன்றே. பிரெஞ்சு இரண்டையும் பிரித்துவிடும். ஊகத்துக்கு ‘ல புஸ் ஸெரா பார்தி’. நடக்காததற்கு ‘ஸெரே பார்தி’. ஊகத்தின் இடத்தில் ‘ஸெரே’ போட்டால் “போயிருச்சாம்” என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இந்த வினைவடிவம் வெறும் புலம்பலுக்கு என்று நினைக்காதீர்கள். வரலாறு படிப்பவனுக்கு இது ஒரு தராசு. நம்ம மதுரையிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. கம்பெனிப் படையில் உயர்ந்து, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்த யூசுப் கான், அதாவது மருதநாயகம், 1763-இல் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரியின் கீழ் ஒரு சிறு படையும் அவரிடம் இருந்தது. 1764 அக்டோபரில் மார்ஷானும் கூட இருந்த சிலரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் ‘மதுரே’ என்று எழுதிய ஊர் இது. ‘ஸி லெ ஃபிரான்ஸே எத்தே வெனு, இல் ஓரே கார்தே மதுரே.’ பிரெஞ்சுக்காரர் வந்திருந்தால் அவர் மதுரையைக் காத்திருப்பார். ‘ஸி மார்ஷான் நவே பா த்ராயி, இல் நோரே பா எத்தே பான்த்யு.’ மார்ஷான் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் தூக்கிலிடப்பட்டிருக்க மாட்டார். எதிர்மறையில் ‘ந’வும் ‘பா’வும் துணைவினையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வதைக் கவனியுங்கள்.

இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரி. வரலாற்றுப்படி சரியா? புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே விழுந்துவிட்டது. 1763 பிப்ரவரி 10-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில், யூசுப் கான் எதிர்த்த முகம்மது அலியையே கர்நாடக நவாபாகப் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் முதல் வாக்கியத்தின் ‘ஸி’ வெகு தூரத்தில் நிற்கிறது. இரண்டாவது பக்கத்தில் நிற்கிறது. ஆனால் முற்றுகையில் கோட்டைக்குள் உணவு குறைந்துகொண்டிருந்தது என்பதையும் எடை போட வேண்டும். எந்த ‘இருந்திருந்தால்’ கிட்டத்தில் இருந்தது, எது வெறும் ஆசை என்று பிரிக்கத் தெரிந்தால், அவனவன் வாழ்க்கைக் கணக்கையும் கொஞ்சம் நேர்மையாகப் பார்க்கலாம்.

தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நேர்வழி புதிதல்ல. மூஸ்ஸே, துப்புயி என்ற இரு பாதிரிமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855 முதல் 1862 வரையில் புதுச்சேரியில் அச்சானது. பிரெஞ்சிந்தியாவில் வளர்ந்து தமிழ் கற்ற ஜூலியன் வின்சோன், பாரிஸில் தமிழ் போதித்து, 1903-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கான தமிழ் இலக்கண நூலை வெளியிட்டார். அவர்கள் நடுவில் ஆங்கிலத்தை வைக்கவில்லை. நம் வகுப்புகளில் மட்டும் அது ஏன் வாசற்காவல் நிற்க வேண்டும்?

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவர்களில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், தமிழ் வழியாகவே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு தொடங்குவோம். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளை முதல் பெஞ்சில் உட்கார வைப்போம். முதல் வகுப்பை நான் எடுக்கிறேன்.

மாணவர்களே, உங்களுக்கு உரிய நிபந்தனை வாக்கியம் இன்னும் சுலபம். ‘ஸி’க்குப் பின் நிகழ்காலம், அடுத்து எதிர்காலம். ‘ஸி லோ வியேன், நூ பிளான்தெரோன்.’ தண்ணி வந்தா நடுவோம். வகுப்புக்கு வாருங்கள்.