இரு பாய்மரங்களும் ஒரு சொல்லும்



கப்பல் என்னும் நம் சொல் மலாய் மொழியில் ‘காப்பல்’ என வழங்குவதை இம்மண்ணில் வாழும் நாம் நாள்தோறும் கேட்கிறோம், பெருமையும் கொள்கிறோம். ஆயின், அக்கப்பலின் வகைகளைத் தமிழில் பிரித்துச் சொல்லுமாறு கேட்டால் தயங்குகிறோம். பாய்மரம் இரண்டு உடைய கலங்கள் அனைத்தையும் ‘இருபாய்மரக் கப்பல்’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகிறோம்.

அவையோ ஒரே வகையின அல்ல. இரு மரங்களிலும் குறுக்குச் சட்டங்களில் சதுரப் பாய்கள் தொங்கினால் அது பிரிக். இரண்டிலும் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் அமைந்து, பின்மரம் முன்மரத்துக்கு இணையாகவோ உயர்ந்தோ நின்றால் ஸ்கூனர். பின்மரம் குட்டையாயின் கெட்ச். முன்மரத்தில் சதுரப் பாய்களும் பின்மரத்தில் நீளவாக்குப் பாயும் பெற்றது பிரிகன்டைன். சதுரப் பாய் பின்காற்றை முழுதும் ஏந்தும். நீளவாக்குப் பாய், எதிர்ப்புறத்திலிருந்து சாய்வாக வீசும் காற்றிலும் கலத்தை முன்செலுத்தும். அதனைக் கையாள ஆட்களும் குறைவாகவே வேண்டும். இவ்விரு பயன்களையும் ஒருங்கே பெற்றது பிரிகன்டைன்.

இத்தகைய கலத்தைக் கட்டும் திறன் தமிழரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உருவான ‘அன்னபூரணி’ ஒரு பிரிகன்டைன். சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். யாழ்ப்பாண மாலுமிகளும் உடன் செல்ல, சூயஸ் கால்வாய் வழியாகவும் அட்லாண்டிக் கடல் வழியாகவும் பயணம் செய்து, 1938இல் அக்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அங்கு அதன் பெயர் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’.

விற்ற கப்பலுக்கு வாங்கியவர் புதுப்பெயர் இடுவது இயல்பே. நாம் கவலைகொள்ள வேண்டியது வேறொன்று. பாய்மரத்தைக் ‘கூம்பு’ என்றும் பாயை ‘இதை’ என்றும் பழந்தமிழர் வழங்கினர். புலவர் பாடியதால் அச்சொற்கள் நமக்குக் கிடைத்தன. அன்னபூரணியைக் கட்டிய தச்சர்கள் ஒவ்வொரு சட்டத்துக்கும் கயிற்றுக்கும் முடிச்சுக்கும் என்ன பெயர் சொல்லி வேலை வாங்கினர்? அவர்களைப் பாடப் புலவர் இல்லை. தொழில் நின்றால் அத்தொழிலின் சொல்லும் நின்றுபோகும்.

ஆகவே, புதுச்சொல் ஆக்குவதற்கு முன் பழைய துறைகளுக்குச் செல்வோம். கப்பல் வேலை அறிந்த முதியோரிடம் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் அது குறிக்கும் உறுப்பின் படத்தோடு பதிவுசெய்வோம். மொழிக்கு உழைக்கும் இத்தகைய மன்றங்கள் மேற்கொள்ளத்தக்க பணி இது. காலம் தாழ்த்தத் தகாத பணியும் ஆகும்.