கல்லூரி மாற்றம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு நின்று, ரயில்வேயில் கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்து எழுத்தரான நாம் கல்லூரியைப் பற்றிப் பேசுவது வேடிக்கையே. ஆயினும் சென்ற ஆண்டு இக்கேள்வி நம் இல்லத்திலேயே எழுந்தது. பொறியியலில் முதலாண்டு முடித்த மைந்தன், இருமடங்கு கட்டணமுள்ள கல்லூரிக்கு மாற விழைந்தான். “அங்கே பெரிய கம்பெனிகள் வருகின்றன, அப்பா” என்றான். இன்போசிஸ் வாயிலருகே வளர்ந்த பிள்ளைக்கு அவ்வாசை எழாதா?

விசாரித்தோம். இரண்டுமே 1998இல் நிறுவப்பெற்ற விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை; தன்னாட்சி பெறாதவை. ஆகவே பாடத்திட்டமும் வினாத்தாளும் ஒன்றே. பட்டத்தில் பொறிக்கும் பெயரும் ஒன்றே. தன்னாட்சிக் கல்லூரியெனில் பாடத்திட்டம் வேறுபடும். விடுபட்ட பாடங்களைத் தனியே எழுத நேரும்.

புதிய கல்லூரியின் வாயிலில், மிகுந்த ஊதியம் பெற்ற ஒரு மாணவனின் படம் தொங்கியது. மைந்தனின் பிரிவில் மொத்தம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என வினவினோம். எழுத்தில் தர அவர்கள் இசையவில்லை.

பணமோ? 2004க்குப் பின் பணியேறிய நமக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், பிள்ளைகளின் மேற்படிப்புக்கென நம் பங்குத்தொகையில் 25 விழுக்காடு வரையே எடுக்கலாம். “இளையவளுக்கு என்ன மிஞ்சும்?” என்றாள் இல்லாள். விடை கூற இயலவில்லை.

மறுத்துவிட்டோம். மைந்தன் மூன்று நாள் நம்மோடு பேசவில்லை. நான்காம் நாள் பழைய கல்லூரிக்கே பேருந்து ஏறினான். இப்போது ஐந்தாம் பருவத்தில் இருக்கிறான். செய்தது சரிதானா என்னும் ஐயம் இன்றும் சில இரவுகளில் நம்மை எழுப்புகிறது.