செவிலியர் மூவர் சொன்னவை



நம் மக்களின் நலவாழ்வு குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். நான் மருத்துவன் அல்லன், ஆசிரியன். ஆகவே, இப்பகுதி மருத்துவமனைகளில் பணியாற்றும் கேரளச் செவிலியர் மூவரை அணுகி, “எம் மக்கள் நலம்பெற என்ன செய்தல் வேண்டும்?” என்று வினவினேன். வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்கு நம் குறை தெளிவாகத் தெரியுமன்றோ?

முதலாமவர் மொழியைப் பற்றிச் சொன்னார். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். வந்த புதிதில், “வெள்ளம் குடித்தீர்களா?” என்று அவர் கேட்க, நோயாளி திகைத்துப் போனாராம். “இன்று தமிழ் வந்துவிட்டது, ஆயினும் உங்கள் மக்கள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, எல்லாவற்றிற்கும் தலையாட்டுகின்றனர்” என்றார்.

இரண்டாமவர் அதன் விளைவைச் சொன்னார். சர்க்கரை நோயுற்ற மூதாட்டி ஒருவரிடம், இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னாராம். அம்மையார் தலையாட்டினார். வீட்டிலோ குளிர்ப்பெட்டி இல்லை. கோடை வெப்பத்தில், தகரக் கூரையின் கீழ் மருந்து வீரியமிழந்தது; நோய் முற்றிக் கால்விரலை இழந்தார். “ஒரு சொல் கேட்டிருந்தால், ஈரமான மண்பானைக்குள் வைக்கும் வழியைச் சொல்லியிருப்பேனே!” என்று அச்செவிலியர் கண்கலங்கினார்.

நண்பர்களே, அம்மூதாட்டி ஏன் கேட்கவில்லை? கேள்வி கேட்டவரைத் தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்த சமூகத்தின் வடு அது. மருத்துவ இயக்ககங்கள் அமைந்த டி.எம்.எஸ். வளாகம் நம் தேனாம்பேட்டையிலேயே உள்ளது. அண்மையில் இருப்பது வேறு. அணுக இயல்வது வேறு.

மூன்றாமவர் வழி காட்டினார்: “எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒரு செவிலியர் உண்டு. உங்கள் பெண்களையும் அனுப்புங்கள்.”

பெற்றோரே! செவிலியர் பட்டயப் படிப்பு மூன்றாண்டு. பட்டப் படிப்பு நான்காண்டு. பட்டப் படிப்பிற்கு மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயில வேண்டும். இதனை அறியாது வேறு பிரிவில் சேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்திய மாணவியரை நான் கண்டிருக்கிறேன். இரவுப் பணி என்றஞ்சி மகளைத் தடுத்து நிறுத்தாதீர்கள்.

1907ஆம் ஆண்டில் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். நோய் தீர்ப்பதையும் அறிவு புகட்டுவதையும் ஒருசேரச் செய்த பெருமகனார் அவர்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மருந்துச் சீட்டைப் படித்து விளக்க, வாரத்தில் ஒருநாள் மாலை இரண்டு மாணவரை இங்கு அமர்த்துங்கள். தலையாட்டும் நம் தாய்மார்கள் கேள்வி கேட்கத் தொடங்கும் நாளே இக்கழகத்தின் உண்மையான வெள்ளி விழா.